வேலி ஓட்டையால் பார்த்த மாப்பிள்ளை

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் கரையைப் புரட்டிப் போட்டு இரண்டு வருடம் கழிந்த ஒரு மார்கழி மாதம். கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நான் அங்கே நோக்குநர். பரீட்சை எழுத வந்தவர் சரியான ஆள்தானா என்று அடையாள அட்டையைப் பார்ப்பது, வினாத்தாள் கொடுப்பது, ஒருவர் விடையை இன்னொருவர் எட்டிப் பார்க்காமல் காவல் இருப்பது, இதுதான் வேலை. எனக்கு இருபத்து நான்கு வயது. ஆசிரிய நியமனம் கிடைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வாசிக்கிறவர்கள் என்னை அடக்கமான பெண் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு வாய் நீளம் என்று உம்மா சொல்லுவா. கண் அதைவிட நீளம் என்பது உம்மாவுக்கு அப்போது தெரியாது.

அந்த வருடம் எனக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடி வருவார். அதனால் பெண் பிள்ளை பிறந்த நாளில் இருந்தே வாப்பாமாருக்குக் கல்லும் மண்ணும்தான் கனவு. என் வாப்பா நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறவர். ஒரு வெள்ளாமைக்கு ஒரு சுவர் என்று எங்கள் வளவுக்குள்ளேயே எனக்கொரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சூறாவளி அதன் கூரையைக் கொண்டுபோய் எங்கேயோ போட்டதில் எல்லாம் பிந்திவிட்டது.

மாப்பிள்ளை அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். நிரந்தர உத்தியோகம் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். அவரின் உம்மாவும் கூடப் பிறந்த ராத்தாமாரும் வந்து என்னைப் பார்த்தார்கள். நடக்கச் சொன்னார்கள், கதைக்கச் சொன்னார்கள், தலைமுடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். போகும்போது வீட்டுக்கு இன்னோர் அறையும் கூடக் கேட்டுவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையை எனக்கு யாரும் காட்டவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. நிக்காஹ் முடிந்து கைபிடித்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மாட்டை வாங்குவதென்றாலும் பல்லைப் பிடித்துப் பார்ப்பார் என் வாப்பா. மருமகனை மட்டும் பிறர் சொல் கேட்டுத்தான் எடுத்தார்.

நான் பார்த்தேன். ஒரு தரம் அல்ல, மூன்று தரம் பார்த்தேன்.

முதல் தரம், அவர் வீட்டை அளக்க வந்தபோது. குடி வரப்போகிறவர் வீட்டை வந்து பார்ப்பது எங்களில் வழமை. வாப்பாவும் மேசனும் அவரைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போனார்கள். என்னைப் பக்கத்து வளவில் சாச்சி வீட்டுச் சமையல் குசினிக்குள் போய் இருக்கச் சொல்லிவிட்டார்கள். குசினிக்கும் எங்கள் வளவுக்கும் இடையே ஒரு தென்னோலைக் கிடுகு வேலி. மாரி மழையில் உக்கி, கண் வைக்க வசதியாக ஓர் ஓட்டை. அல்லாஹ் தந்த ஓட்டை என்று நினைத்துக்கொண்டு கண்ணை வைத்தேன். நெடிய ஆள். மேலுதட்டில் மெல்லிய மீசை. யன்னல்களை எண்ணினார். மேசனிடம் பென்சிலை வாங்கி, சாந்து பூசாத சுவரில் ஏதோ அளவு எழுதினார். இடது கையால் எழுதினார். என் தம்பி சின்ன வயதில் இடது கையால் பென்சில் பிடித்ததற்கு உம்மாவிடம் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. அப்படியிருக்க, வளர்ந்த ஓர் ஆண்பிள்ளை கூச்சமில்லாமல் இடது கையால் எழுதியதை நான் எப்படி மறப்பேன்? எனக்கு அது பிடித்தும் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

இரண்டாம் தரம் கல்முனைச் சந்தைக்கு முன்னால், பஸ்ஸுக்கு நிற்கும்போது. மூன்றாம் தரம் ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் பள்ளிவாசல் படியில் இறங்கி வரும்போது, எதிரே இருந்த தையல்காரி வீட்டு யன்னலால். சட்டை தைக்கக் கொடுக்கிறேன் என்று போய், தைக்க ஒன்றுமில்லாமல் ஒரு தலையணை உறையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனிப் பரீட்சைக்கு வருகிறேன்.

அன்று கணிதம். காலையில் ஒரு வினாத்தாள், மத்தியானத்துக்குப் பிறகு இன்னொன்று. எனக்குக் கிடைத்த மண்டபத்தில் இருந்தவர்கள் முழுக்கத் தனிப்பட்ட பரீட்சார்த்திகள். பாடசாலையை விட்டு வெளியேறி, விட்ட பாடத்தைத் திரும்ப எழுத வருகிறவர்கள். வரவுப் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு வந்தவள் ஒரு பெயரில் நின்றுவிட்டேன். அவருடைய பெயர். வாப்பாவின் பெயரோடு சேர்த்து முழுப் பெயர். முதலில் முகம் சுட்டது, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் மூளை வேலை செய்தது. நிரந்தர உத்தியோகத்தில் இருக்கிறவருக்கு இந்த மண்டபத்தில் என்ன வேலை?

மேசை மேசையாகப் போய்க் கடைசியில் அங்கே வந்தேன். அடையாள அட்டை இல்லை. சூறாவளியில் அள்ளுண்டு போய்விட்டது என்று கிராமத்து அதிகாரியான விதானையார் கொடுத்த கடிதம் ஒன்று இருந்தது. கடிதத்தில் படம் ஒட்டி, படத்தின் மேல் முத்திரையும் குத்தியிருந்தது. அந்தக் காற்றில் பாதி ஊரின் பத்திரங்கள் பறந்தன, ஆகவே அப்படியான கடிதங்கள் அப்போது சாதாரணம். படத்தில் இருந்த முகமும் மேசையில் இருந்த முகமும் ஒன்று. ஆனால் அது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற முகம் இல்லை. இவர் சின்னப் பொடியன் மாதிரி இருந்தார். மீசையே ஒழுங்காக முளைக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்காமல் வலது கையால் பட்டியலில் கையொப்பம் வைத்தார்.

அதற்குப் பக்கத்தில் நோக்குநர் கையொப்பம் வைக்க வேண்டும். ஆள் சரி, நான் பார்த்தேன் என்பதுதான் அதற்குப் பொருள்.

நான் கையொப்பம் வைத்தேன்.

ஏன் வைத்தாய் என்று கேட்டால் மழுப்பாமல் சொல்கிறேன். பயம். இவர் அவரில்லை என்று நான் வாயைத் திறந்தால், அவரை உனக்கு எப்படித் தெரியும் என்றுதான் அடுத்த கேள்வி வரும். வேலி ஓட்டையையும் தையல்காரியையும் ஊருக்கு நடுவில் வைத்து விளக்க வேண்டும். அதைவிடக் கையொப்பம் லேசாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். இந்த மண்டபத்தில் நான் இருப்பேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளையின் முகம் தெரியாது என்பது எங்கள் ஊரில் சூரியன் கிழக்கில் உதிப்பது போல. அவர்கள் செய்த ஒரே பிழை அதுதான்.

காலைப் பரீட்சை முடிந்தது. சோற்றுப் பார்சலை அவிழ்க்க மனமில்லாமல் கிணற்றடிக்குப் போனேன். அங்கே சொறிக்கல்முனையில் இருந்து வந்து எழுதிய ஒரு பெண் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கணிதத்தை நான்காவது தரமாக எழுதுகிறாள். பாவாடை விளிம்பெல்லாம் வயல் சேறு. கழுவக் கழுவக் கண்ணில் இருந்து வந்துகொண்டே இருந்தது.

"வெள்ளத்துக்குள்ளால நடந்து வந்த நான் டீச்சர். இந்த முறையும் கணக்கு என்ன விட்டுட்டு," என்றாள்.

"பின்னேரப் பேப்பர் இரிக்கிதானே, அதச் செய்யேலும்," என்று சொன்னேன். சொன்ன வாய் எனக்கே கசந்தது. இவள் சேற்றுக்குள்ளால் நடந்து வந்து தன் கையால் எழுதித் தோற்கிறாள். அங்கே ஒருவர் நிழலில் இருந்துகொண்டு, கூலிக்கு ஆள் விட்டு வயல் அறுப்பது போலக் கணக்குச் செய்விக்கிறார். அதற்குச் சாட்சிக் கையொப்பம் வைத்தவள் நான். அந்த ஆள் நாளைக்கு என் வாப்பா கட்டிய வீட்டில் என்னோடு இருக்க வருவார். கோபம் எனக்கு உள்ளங்காலில் இருந்து ஏறியது.

மத்தியானம் வினாத்தாளைக் கொடுத்து முடித்துவிட்டு நேரே அந்த மேசைக்குப் போனேன். நீங்கள் யார் என்று மெதுவாகக் கேட்டேன். அந்தப் பொடியன் மாப்பிள்ளையின் பெயர், வாப்பாவின் பெயர், தெரு எல்லாவற்றையும் ஓதி மனனம் செய்தது போல ஒப்புவித்தார்.

"அவர நான் கண்டிரிக்கன். நீங்க அவரில்ல," என்றேன்.

அவர் முகத்தில் இருந்த இரத்தம் வடிந்ததை நான் பார்த்தேன். "டீச்சர்," என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் கேட்டுவிட்டார். நான் வாசலுக்குப் போய், மேற்பார்வையாளரைக் கூட்டி வரச் சொல்லிப் பியோனை அனுப்பினேன். திரும்பிப் பார்க்கும்போது அவர் விதானையாரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு பின் கதவால் இறங்கி மழைக்குள் ஓடிக்கொண்டிருந்தார். எழுதிய தாள்கள் மேசையில் கிடந்தன.

மேற்பார்வையாளர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு பாடசாலை அதிபர். அவர் வந்து சேரும்போது கண்டது மதிலோரம் மறைந்த ஒரு முதுகைத்தான். மண்டபத்தில் இருந்த முப்பது பேரும் தலை நிமிராமல் எழுதினார்களாம், ஒன்றும் காணவில்லையாம். நான் நடந்ததைச் சொன்னேன். காலையில் கையொப்பம் வைத்ததையும் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"யோசிச்சு எழுதுங்க டீச்சர். இது பொலிசுக்கும் கோட்டுக்கும் போற விசயம். எழுதினாப் பிறகு திரும்பி எடுக்க ஏலாது."

எழுதிக் கொடுத்தேன். பொலிஸ் நிலையத்துக்கு வாப்பாவும் கூட வந்தார். வாக்குமூலம் எழுதிய பொலிஸ்காரருக்கும் கூச்சம், வாப்பா பக்கத்தில் நிற்க எனக்கும் கூச்சம். மாப்பிள்ளையை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எப்படி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு நாளில் மாப்பிள்ளை தானாகவே பொலிசுக்குப் போனார். பரீட்சை எழுதியது நான்தான், டீச்சர் ஆளைப் பிழையாக விளங்கிக்கொண்டு கதைத்ததில் பயந்து எழும்பிப் போய்விட்டேன் என்று சொன்னார். கடிதம் எங்கே என்றால் மழையில் நனைந்து கிழிந்துவிட்டதாம். எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கணக்கு விடைத்தாளில் எழுத்தைவிட இலக்கம்தான் அதிகம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. ஆக, வழக்கில் மிஞ்சியது அவருடைய சொல்லும் என்னுடைய சொல்லும். பரீட்சைச் சட்டத்தில் ஆள்மாறாட்டத்துக்கு மறியலும், அதாவது சிறையும், உண்டு என்றார்கள். அவருக்கு மறியல் பயம். எனக்கு, பொய் சொன்னவள் என்று பட்டம் வாங்கி நியமனத்தையும் இழக்கிற பயம்.

ஊர் என்ன சொன்னது என்று எழுதினால் இந்தத் தாள் போதாது. பள்ளிவாசல் நிருவாகத்தில் தாய்வழி வந்த ஒவ்வொரு குடிக்கும் தலைவராக ஒரு மரைக்கார் உண்டு. மாப்பிள்ளையின் குடி மரைக்கார் ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். பஞ்சாயத்துச் செய்து செய்து எல்லாவற்றையும் இரண்டாகப் பிளந்து பங்கு வைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்திருந்தது. வாப்பா கதிரையில், உம்மா குசினியில், நான் கதவுக்குப் பின்னால்.

"மகள்ட வாயால ஒரு சொல்லு போதும். ஆள அடையாளம் தெரியா எண்டு சொல்லட்டும். அடுத்த மாசம் நிக்காஹ்வ முடிப்பம். கூடக் கேட்ட அந்த அறையும் வேணா எண்டுட்டாங்க," என்றார்.

வாப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். உம்மா விசும்புவது கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்து அவருக்கு முன்னால் நின்றேன். எங்கள் ஊரில் அதுவே ஒரு குற்றம்.

"பொய்ச் சத்தியம் செய்யச் சொல்லிப் பள்ளியில இருந்து ஆள் வந்திச்சி எண்டு நான் கோட்டில சொல்லட்டா மாமா?" என்று கேட்டேன்.

அவர் தேநீரைக் குடிக்காமல் எழும்பிப் போனார். உம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

வழக்கு நாலைந்து மாதத்தில் விசாரணைக்கு வந்தது. நீதவானுக்கு முன்னால் கூண்டில் ஏறி நின்றேன். மாப்பிள்ளை எதிர்க்கூண்டில். அவரை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பின்வாங்கில் வாப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மரைக்காரும் இருந்தார். ஒரு பெண் கூண்டில் ஏறுகிற வழக்கென்று பாதிக் கடைத்தெரு அங்கே நின்றது.

மாப்பிள்ளையின் சட்டத்தரணி தேன் தடவிக் கதைக்கிறவர். காலையில் ஆள் சரியென்று கையொப்பம் வைத்தது நீங்கள்தானே என்று கேட்டார். ஓம் என்றேன். அப்படியானால் அந்தக் கையொப்பம் பொய்யா என்றார். பொய்தான், நான் விட்ட பிழை, அதற்கு என்ன தண்டனையோ அதைத் தாருங்கள் என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலும், கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு சிரித்துக்கொண்டே கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"நிக்காஹ் முடியாத மாப்பிள்ளையை ஒரு நல்ல முஸ்லிம் குடும்பத்துப் பெண் பார்க்க மாட்டாள் என்பது இந்த மன்றத்தில் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் நல்ல குடும்பத்துப் பெண். அப்படியிருக்க, மண்டபத்தில் இருந்தவர் அவரில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

மனிதர் கெட்டிக்காரர். இரண்டு பக்கமும் கிடங்கு வெட்டி வைத்துவிட்டு நடுவில் என்னை நடக்கச் சொல்கிறார். பார்க்கவில்லை என்றால் வழக்கு விழும். பார்த்தேன் என்றால் நான் நல்ல குடும்பத்துப் பெண் இல்லை. பின்னால் யாரோ இருமினார்கள். வாப்பாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பார்த்த நான்," என்றேன். "மூண்டு தரம் பார்த்த நான்."

சிரிப்புச் சத்தம் எழும்பியது. நீதவான் மேசையைத் தட்டினார். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேலி ஓட்டையைச் சொன்னேன், பஸ் நின்ற இடத்தைச் சொன்னேன், தலையணை உறையையும் விடாமல் சொன்னேன். சுவரில் அளவு எழுதியது இடது கையால் என்றும், மண்டபத்தில் எழுதியவர் வலது கைக்காரர் என்றும் சொன்னேன். பென்சில் எழுத்து இன்னும் சுவரில் இருக்கிறது, மன்று வந்து பார்க்கலாம் என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்தது. என்னைக் கட்டப்போகிறவரை நான் பார்த்தது குற்றமென்றால் அதற்கு வேறு வழக்குப் போடுங்கள், இந்த வழக்கு அவர் தன் பரீட்சையைத் தான் எழுதினாரா என்பதைப் பற்றியது என்றும் சொன்னேன். அவ்வளவு கதைக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் நாலைந்து மாதமாக அடக்கி வைத்திருந்த வாய்.

நீதவான் என்னை நிறுத்தவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுக்கச் சொன்னார். பெயரையும் முகவரியையும் எழுதச் சொன்னார்.

அவர் பேனாவை வலது கையில் எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எழுதவே பழகாத கை. அரிவரி வகுப்புப் பிள்ளை போல, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக இழுத்தார். தன் பெயரை எழுதி முடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. முகவரிக்கு வரும்போது வியர்வை தாளில் விழுந்தது. சட்டத்தரணி எழும்பி, கட்சிக்காரரோடு கதைக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அவருக்குக் குற்றப்பணமும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் கிடைத்தன. பல வருடங்களுக்கு எந்த அரசாங்கப் பரீட்சையும் எழுத முடியாது என்று தடை வந்தது. அவர் செய்தது தற்காலிக வேலைதானாம், அதை நிரந்தரமாக்கத்தான் கணிதத்தில் சித்தி தேவைப்பட்டதாம்; அந்த வேலையும் போய்விட்டது. எனக்கும் காலைக் கையொப்பத்துக்காகத் திணைக்களத்தில் இருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது எனக்கு வர வேண்டிய கடிதம்தான்.

அன்று நீதிமன்றத்தில் இருந்து வாப்பாவும் நானும் நடந்துதான் வீட்டுக்குப் போனோம். கடைகளில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். வாப்பா முன்னால், நான் பின்னால். என் கலியாணத்தை நான் சந்தியில் வைத்து உடைத்துவிட்டேன், இனி இந்த மனிதர் தலை நிமிர்ந்து பள்ளிக்குப் போவாரா என்று நினைத்துக்கொண்டே அவர் காலடியைப் பார்த்து நடந்தேன். பெரிய தெரு முடிந்து எங்கள் ஒழுங்கை மூலையில் நின்று திரும்பினார்.

"உண்மையா மூண்டு தரம் பார்த்தயா?"

"ஓம் வாப்பா."

"நான் ஒரு தரமாவது ஒழுங்காப் பார்க்கல்லையே மகள்," என்றார்.

வாப்பா என்னை மன்னித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். மன்னிக்க அதில் ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் விளங்கியது. சுவரில் இருந்த பென்சில் எழுத்தின் மேல் அந்தக் கிழமையே மேசன் சாந்து பூசினார்.

ஊர் லேசில் விடவில்லை. மாப்பிள்ளையைக் கள்ளமாகப் பார்த்தவள் என்ற பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது. வீடு முடிந்து ஓடும் போட்டாயிற்று, குடி வர ஆள் இல்லை. வந்த பேச்சுகளும் படலைக்கு வெளியிலேயே நின்று திரும்பிப் போயின. அதற்காக நான் ஒரு நாளும் தலையைக் குனிந்து நடக்கவில்லை. வேண்டுமென்றே நிமிர்ந்து நடந்தேன். முப்பது வயது தாண்டிய பிறகு, லொறி ஓட்டுகிற ஒருவர் கேட்டு வந்தார். நானும் அவரை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். பார்த்ததோடு விடாமல், என் முன்னால் பெயரை எழுதிக் காட்டச் சொன்னேன். அவர் சிரிக்காமல் எழுதிக் காட்டினார். எழுத்துக் கோணல்தான், ஆனால் அவருடைய கை. இன்றுவரை எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்குப் பெருமைப்பட மட்டும்தான் இருந்திருக்கும்.

பரீட்சை எழுதிய அந்தப் பொடியனை மாப்பிள்ளை காட்டிக்கொடுத்தார். பொலிஸ் பிடித்தது. பிணைக்கு நிற்க ஆளில்லாமல் அவர் பல கிழமை விளக்கமறியலில் கிடந்தார். எழுதுவித்தவர் ஒரு நாளும் மறியல் வாசலைக் காணவில்லை, எழுதியவர் கண்டார். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, போகும் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தவராம். அதுவும் போயிற்று. இதெல்லாம் பிறகு என் காதுக்கு வந்தது.

ஏழெட்டு வருடம் கழித்து அவரைக் கண்டேன். நாடு கெட்டுக் கிடந்த காலம், பஸ் நினைத்த நேரம்தான் வரும். கல்முனைச் சந்தைக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, டீச்சர் என்றார். அந்த ஒரு சொல்லிலேயே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது நல்ல மீசை. கிடுகுக் கொட்டில் ஒன்றில் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுக்கிறாராம். என்ன சொல்லப் போகிறாரோ என்று நானும் பதிலுக்குத் தயாராக நின்றேன். செய்தது குற்றம், பிடித்தது என் கடமை, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை என்று வாய்க்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

"நீங்க என்னப் பிடிச்சதில எனக்குக் கோவம் ஒண்டும் இல்ல டீச்சர்," என்றார். "எழுதச் சொன்னவர்ர சொந்தக்காரர்ர வீட்டில நிண்டு படிச்சவன் நான். திண்ட சோத்துக்கு ஏலா எண்டு சொல்லத் தெரியாமப் போன நான். ஆனா ஒண்டு. காலையில கையெழுத்துப் போடக்குள்ளயே அவரில்ல எண்ட அந்தச் சொல்ல நீங்க சொல்லிரிந்தா, பேப்பரத் தொடாமலே எழும்பி ஓடியிருப்பன்."

குத்திக் காட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. ஒரு கணக்கில் எந்த வரியில் பிழை வந்தது என்று பிள்ளைக்குக் காட்டுவது போலத்தான் சொன்னார். அவர் சைக்கிளில் ஏறிப் போன பிறகும், வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றேன்.

ஊருக்கு முன்னால் பார்த்தேன் என்று சொன்னதற்கு நான் இன்றுவரை வெட்கப்படவில்லை, இன்னொரு தரம் கூண்டில் ஏற்றினாலும் அதையேதான் சொல்வேன். பார்த்த கண்ணுக்கும் பேசிய வாய்க்கும் நடுவில் ஓர் அரை நாளை ஊருக்குப் பயந்து விட்டேனே, அந்த அரை நாளுக்குள் ஒரு பிள்ளையின் எதிர்காலம் போய்விட்டது என்பதுதான், ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு பரீட்சை மண்டபத்திலும் கையொப்பம் வைக்க முன் என் பேனாவைக் கொஞ்சம் நிறுத்திவைத்தது.